நிலை தளர்ந்தோரை நிறுத்துதல்



வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் உள்ள நம் சிற்றூர்களிலிருந்து ஆண்டுதோறும் பிள்ளைகள் பலர் பட்டப்படிப்பிற்காகச் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் செல்கின்றனர். ஜினாலயத்தில் அபிஷேகம் செய்வித்து, கந்தோதகத்தை நெற்றியிலிட்டு, பேருந்தில் ஏற்றி அனுப்புகிறோம். அத்துடன் நம் கடமை முடிந்ததென்று எண்ணி வீடு திரும்புகிறோம்.

பிள்ளையின் துன்பமோ அதன் பின்னரே தொடங்குகிறது. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் பயின்றவன், ஆங்கில விரிவுரையில் பாதி விளங்காமல் திகைக்கிறான். விடுதியில் இரவுணவு ஏழரை மணிக்கு மேல்தான். பொழுது சாய்ந்தபின் உண்ணாத நெறியில் வளர்ந்தவன் ஒருநாள் பசியோடு படிக்கிறான். மறுநாள் உண்டுவிட்டுக் குற்ற உணர்வோடு படிக்கிறான். முதற் பருவத் தேர்வில் இரண்டு தாள்கள் ‘அரியர்’ ஆகின்றன. தொலைபேசியிலோ, ‘நன்றாயிருக்கிறேன் அப்பா’ என்கிறான்.

நாம் அறிந்த குடும்பமொன்றில் இவ்வாறே மூன்று பருவங்கள் கழிந்தன. நிலத்தை அடகு வைத்துத் தந்தை கட்டிய பணத்தை எண்ணி, மகன் யாவற்றையும் மறைத்தான். விடுமுறைக்கு வந்தவன் திரும்பிச் செல்லவும் மறுத்தான், உண்ணவும் மறுத்தான். தந்தை சினந்தார். பாட்டி மட்டும் அருகே அமர்ந்து, ‘தாள் போனால் மறுபடி எழுதிக்கொள்ளலாம் கண்ணு, நீ எங்களுக்கு வேண்டும்’ என்றார். அன்றுதான் அவன் வாய் திறந்தான். தாய்மாமன் உடன் சென்று பேராசிரியரைக் கண்டார். மூத்த மாணவர் ஒருவர் மாலைதோறும் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஓராண்டு பிந்தினும் அவன் பட்டம் பெற்றான்.

இத்தகைய கவலையை நம் ஆசாரியர்கள் ஆர்த்தத் தியானம் என்றனர். விரும்பாதது வந்துற்றதே என்று வருந்துவதும், விரும்பியது கிட்டவேண்டுமே என்று ஏங்குவதும் அதன் வகைகள். அஃது இடைவிடாது சுழலும். ஆயினும் ஒரு பக்கமேனும் படிக்க விடாது. உயிரின் இயல்போ எல்லையற்ற ஞானம். ஞானாவரணீய வினை அதனை மறைக்கிறது. அம்மறைப்பு ஒருவருக்குத் தடித்தும் ஒருவருக்கு மெலிந்தும் இருக்கும். ஒருநாள் தேர்வில் பெற்ற மதிப்பெண்ணைக் கொண்டு ஓர் உயிரின் மதிப்பை அளப்பது மேகத்தைக் கண்டு கதிரவனே இல்லையென்பது போலாம். அறிந்ததை மறைத்தலும், பிறர் அறிவின்மேல் பொறாமை கொள்ளுதலும் அவ்வினையைக் கட்டும் என்கிறது தத்துவார்த்த சூத்திரம். ஆதலின் தன் குறிப்பேட்டை ஒளித்து வைக்கும் மாணவன் தன்னறிவையே மூடிக்கொள்கிறான்.

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஸ்திதிகரணம் ஒன்று. நெறியில் தளர்ந்தவரை மீண்டும் நிலைநிறுத்துதல் அது. இதற்கு எடுத்துக்காட்டாகச் சமந்தபத்திர ஆசாரியர் காட்டுபவர் மகத மன்னன் சிரேணிகனின் மைந்தரான வாரிஷேண முனிவர். அவருடன் துறவு பூண்ட நண்பர் புஷ்படாலர் மனைவியின் நினைவு நீங்காது தளர்ந்தார். வாரிஷேணர் அவரை இகழவில்லை, கைவிடவுமில்லை. தம் பழைய அரண்மனைக்கே அழைத்துச் சென்று, தாம் துறந்த தேவியரையும் அரச வாழ்வையும் காட்டினார். இத்துணையையும் இவர் விட்டாரே என்று உணர்ந்த நண்பர் நாணி, தாமே நெறியில் நிலைத்தார். உடன் நடந்து சென்றமையே வாரிஷேணர் செய்த பேருதவி.

நாமும் அவ்வாறு உடன் நடத்தல் வேண்டும். சிராவகர்க்குரிய நால்வகைத் தானங்களே அதற்கு வழி. நகரில் வாழும் நம் குடும்பங்கள் வாரம் ஒருநாளேனும் ஒரு விடுதி மாணவனைப் பொழுது சாயுமுன் அழைத்து உண்பித்தால், அஃது உணவு தானம். ‘தோற்றாலும் வீட்டிற்கு வா’ என்று தந்தை சொல்லும் சொல் அபய தானம். தேர்ச்சி பெற்றோர் இளையவர்க்குப் பாடம் சொல்வது சாத்திர தானம். உறக்கமின்றி, உண்ணாது, உயிர்மேல் வெறுப்புற்றுப் பேசும் பிள்ளையைக் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்வது ஔஷத தானம். நடுவண் அரசு 2022-இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தன்னுயிரை மாய்த்தலும் ஹிம்சையே என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். அந்நிலைக்கு அவர்களை வருந்தவிடுதல் நம் பிழை என்பதை நாமும் அறிதல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! விரதங்களை ஆற்றலுக்கேற்பக் கொள்ளுமாறே அறம் பணிக்கிறது. இயலாத நாளுக்காக உங்களையே வெறுக்க வேண்டா. நாள்தோறும் 48 நிமிடம் சாமாயிகத்தில் அமர்ந்து பஞ்ச நமஸ்காரத்தை எண்ணுங்கள். எழுந்ததும், விளங்காத பாடத்தை ஒருவரிடம் சென்று கேளுங்கள். கேட்பதில் இழிவில்லை, கௌதம கணதரரும் பகவான் மகாவீரரிடம் கேட்டே தெளிந்தார்.

இவ்விதழைப் படித்து மூடியதும், வெளியூரில் பயிலும் நம் பிள்ளை ஒருவரை அழைத்துப் பேசுவோம். மதிப்பெண்ணைப் பின்னர்க் கேட்போம்; உண்டாயா, உறங்கினாயா என்று முதலில் கேட்போம்.

அறம் வளர்க! அருகன் நெறி வாழ்க!