குளத்தங்கரையில் 38 ஆண்டுகள்



யெருசலேம் நகரின் ஆட்டு வாசலருகே ஒரு குளம் இருந்தது. அதைச் சூழ்ந்த ஐந்து மண்டபங்களில் நோயாளரும் குருடரும் முடவருமாகப் பெருங்கூட்டம். தண்ணீர் கலங்கும் நேரத்தில் முதலாவதாக இறங்குகிறவன் சுகம் பெறுவான் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அந்தக் கூட்டத்தில் 38 ஆண்டுகளாக நோயுற்றுக் கிடந்த ஒருவனிடம் இயேசுநாதர் சென்றதைப் புனித யோவான் தமது நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். சுகமடைய விரும்புகிறாயா என்று ஆண்டவர் கேட்டார். அவன் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்றான். தான் நகர்ந்து போவதற்குள் வேறொருவன் முந்திவிடுகிறான் என்றும் முறையிட்டான்.

இந்தப் பதிலை நாம் பூசையில் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு ஆண்டவர் செய்த புதுமைக்குப் போய்விடுகிறோம். இன்று அந்தப் பதிலோடு சற்று நின்றுவிடும்படி உங்களை அழைக்கிறேன். ஏனெனில் ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை, அக்கரப்பத்தனைப் பக்கத்து லயங்களில் இருந்து நம்மிடம் வரும் குரலும் இதுவே. பயிற்சி நிலையம் எங்கோ இருக்கிறது; விண்ணப்பப் படிவம் எங்கோ கிடைக்கிறது; வேலையும் எங்கோ காலியாக இருக்கிறது. அங்கே கொண்டுபோய் இறக்கிவிட ஆளில்லை.

வேலையில்லாதவன் சோம்பேறி என்று சொல்லிவிடுவது எளிது. தோட்டத்தில் வேலையில்லையா, கொழுந்து பறிக்கப் போகட்டுமே, வீட்டில் இருந்து என்ன செய்கிறான் என்று சொந்த மாமனாரே கேட்கிறார். ஆனால் மலையகத்து இளைஞரின் வழியில் கிடக்கும் கற்களில் பல அவர்கள் பிறப்பதற்கு முன்பே போடப்பட்டவை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் பாட்டன்மாரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இங்கும் அங்குமாகப் பங்கிட்டது. மிஞ்சியிருந்தோருக்கு இந்த நாட்டுக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. இந்த 55 ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகள் பத்திரம் இல்லாத காரணத்தினால் அரச உத்தியோகத்தின் வாசலிலேயே நின்றார்கள்! தோட்டப் பாடசாலைகளை அரசு முறையாகப் பொறுப்பேற்கத் தொடங்கியதும் 1970களில்தான். அதுவரை ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தவர்கள் ஆயிரமாயிரம். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்ட பின்பு செக்ரோலில் பெயர் உள்ளவர்களின் தொகையும் ஆண்டுக்காண்டு இறங்கி வந்திருக்கிறது. இவையெல்லாம் ஒருவனுடைய சோம்பலினால் வந்தவையல்ல.

ஆயினும் சரித்திரத்தைச் சொல்லி முடித்துவிட்டால் நம் வேலை முடிந்துவிடுமா? எல்லாருக்கும் பொதுவான இந்த வரலாறு ஒவ்வொரு காம்பராவுக்குள்ளும் ஒவ்வொரு விதமாக அல்லவா நுழைந்திருக்கிறது.

ஒரே லயத்தில் நால்வர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் காம்பராவில் ஒரு பெண்பிள்ளை. சாதாரண தரத்தில் கணிதம் மட்டும் தவறிவிட்டது. அடுத்த காம்பராவில் ஒரு வாலிபன். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் இன்னொரு பெயர், ஆகையால் அடையாள அட்டை இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. மூன்றாவது காம்பராவில், கொழும்பில் பத்து வருடம் மேசன் வேலை பார்த்துவிட்டு வந்தவர். கையில் தொழில் உண்டு, காகிதம் ஒன்றும் இல்லை. கடைசிக் காம்பராவில் ஒரு தாய்; கணவன் வெளியூரில், கைக்குழந்தை மடியில். வெளியே வேலைக்குப் போனால், பிள்ளை மடுவம் மூடிய பிறகுதான் அவளுடைய பஸ் வந்து சேரும். நால்வரையும் "வேலையற்றோர்" என்று ஒரே பட்டியலில் எழுதிவிடுகிறோம். தேர்தல் வரும்போது யாராவது வந்து அந்தப் பட்டியலை வாங்கிக்கொண்டு போகிறார்கள். பத்தோடு பதினொன்று, அத்தோடு இது ஒன்று.

பிறகு உதவி வருகிறது. எப்படி வருகிறது? நால்வருக்கும் தையல் மெஷின்! தையல் மெஷினை நான் குறை சொல்லவில்லை, அதனால் குடும்பத்தை நிமிர்த்திய தாய்மார் உண்டு. ஆனால் கேளாமல் கொடுத்த மெஷின்கள் மூலையில் சேலை போர்த்திக் கிடப்பதையும் நாம் கண்டிருக்கிறோம். அந்த மேசனுக்கு அது எதற்கு?

நற்செய்தியைத் திறந்து பாருங்கள். நம் ஆண்டவர் குருடர்களுக்குப் பார்வை கொடுத்த நிகழ்ச்சிகள் பல. புனித மத்தேயு 9ஆம் அதிகாரத்தில் இருவருடைய கண்களைத் தொடுகிறார். யோவான் 9ஆம் அதிகாரத்தில் உமிழ்நீரால் சேறு உண்டாக்கிப் பூசி, சீலோவாம் குளத்தில் போய்க் கழுவச் சொல்கிறார். மாற்கு 8ஆம் அதிகாரத்தில் வரும் பெத்சாயிதாக் குருடனைக் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துப் போகிறார். ஒரு முறை கை வைத்ததும் மனிதர்கள் நடமாடும் மரங்களைப் போலத் தெரிகிறார்கள். திரும்பவும் கை வைக்கிறார். எரிக்கோவின் பர்த்திமேயுவுக்கோ வெறும் வார்த்தை போதுமானதாக இருந்தது. நோய் ஒன்றுதான், வைத்தியர் ஒருவர்தான், வழி மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. எல்லா வல்லமையும் உள்ள இறைமகன் அத்தனை பேரையும் ஒரு வரிசையில் நிறுத்தி ஒரே சொல்லில் முடித்திருக்கலாம் அல்லவா? பெத்சாயிதாக்காரனுக்கு முதல் முறை அரைகுறையாகத் தெரிந்தபோது, இனி உன் பாடு என்று அவர் விட்டுவிடவும் இல்லை.

பர்த்திமேயுவின் கதையில் இன்னொன்றும் உண்டு. வழியோரத்தில் பிச்சை கேட்டுக் கத்துகிற குருடனுக்கு என்ன வேண்டும் என்பது ஊரறிந்த விஷயம். அப்படியிருந்தும் தாம் அவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஆண்டவர் அவனிடமே கேட்கிறார். நம் வீடுகளில் இது நடப்பதில்லை. பிள்ளைக்கு என்ன வேலை பிடிக்கும் என்று விசாரித்தால் தகப்பன் பதில் சொல்கிறார். தகப்பன் இல்லாவிட்டால் பெரியப்பா. அவரும் இல்லாவிட்டால் தோட்டத் தலைவர். பிள்ளை வாசற்படியில் நின்று கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தாய்மாரே, தந்தையரே, இதைக் கோபத்தோடு சொல்லவில்லை. ஆனால் அவன் வாயால் அவனே சொல்லும் வரை நாம் காத்திருக்கத்தான் வேண்டும். சில பிள்ளைகளுக்கு அதற்கு மூன்று சந்திப்புகள் தேவைப்படலாம்.

உலகின் பிற நாடுகளும் இந்த உண்மையைக் கண்டிருக்கின்றன. உடற்குறையுள்ளோரின் புனர்வாழ்வு பற்றி அமெரிக்காவில் 1973இல் ஒரு சட்டம் வந்தது. அரசின் தொழிற் புனர்வாழ்வு உதவி பெறும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதப்பட்ட ஒரு திட்டம் இருக்கவேண்டும், அதை அதிகாரி மட்டும் எழுதாமல் அந்த மனிதரோடு சேர்ந்து எழுதவேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. நம் நாட்டில் 1988ஆம் ஆண்டின் அரச சுற்றறிக்கை ஒன்று, அரச வேலைகளில் 3 வீதத்தை உடற்குறையுள்ளோருக்கு ஒதுக்கச் சொல்கிறது. 1996இல் அவர்களுடைய உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டமும் வந்தது. நல்லவைதான். ஆனால் காது கேளாத தங்கள் மகளுக்கு இப்படியொரு ஒதுக்கீடு உண்டு என்று தெரியாத பெற்றோருக்கு அந்த 3 வீதம் யார் வீட்டுச் சொத்து?

பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1981 செப்டெம்பர் 14ஆம் திகதி மனித உழைப்பைப் பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். வாலிபத்தில் கல்லுடைக்கும் குவாரியிலும் இரசாயனத் தொழிற்சாலையிலும் வேலை செய்தவர் அவர். மனிதனுக்காகத்தான் வேலை, வேலைக்காக மனிதன் அல்ல என்பது அம்மடலின் ஊடே ஓடும் கருத்து. கூலி கொடுப்பவர் மட்டும் முதலாளி அல்லர், ஒருவனுக்கு வேலை கிடைப்பதையும் கிடைக்காமற் போவதையும் மறைமுகமாக நிர்ணயிக்கும் எல்லாருக்கும் அதில் பொறுப்புண்டு என்று அவர் போதிக்கிறார். உடற்குறையுள்ளவரும் முழு மனிதரே, அவருக்கேற்ற வேலையைத் தேடிக் கொடுப்பது சமூகத்தின் கடமை என்பதையும் அங்கே காணலாம். கடமையை அரசின் தலையில் மட்டும் சுமத்திவிட்டு நாம் கைகழுவ முடியாது என்பது என் அபிப்பிராயம். தொழிற்சங்கம் சம்பளத்துக்காகப் போராடட்டும். அது கூட்டமாகச் செய்யவேண்டிய காரியம். ஆனால் மூன்றாவது காம்பராவின் மேசனைப் பற்றி எந்தக் கூட்டு ஒப்பந்தத்திலும் எழுதப்படாது.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன? ஒரு கொப்பி வாங்குங்கள். 80 பக்கக் கொப்பி போதும். ஆளுக்கு ஒரு பக்கம். அவன் விரும்புவது என்ன என்பதை அவனுடைய சொல்லிலேயே எழுதுங்கள். அதற்குக் குறுக்கே நிற்பது எது என்பதை அதன் கீழே எழுதுங்கள், வெட்கப்படாமல் உள்ளதை உள்ளபடி. குடியாக இருந்தாலும், கடனாக இருந்தாலும், சிங்களம் பேசப் பயமாக இருந்தாலும் எழுதுங்கள். பின்பு ஒரே ஒரு அடி. இந்த மாதத்துக்குள் எடுக்கக்கூடிய ஓர் அடி. பத்து அடிகளை எழுதினால் பக்கம் அழகாயிருக்கும், பையன் மலைத்துப்போவான். கடைசி வரி மிக முக்கியம்: அவனோடு கூடப் போகிறவர் யார்? குளத்தங்கரைக்காரன் கேட்டது அந்த ஒருவரைத்தான். அந்த வரி வெறுமையாக இருந்தால் மேலே எழுதியவற்றால் பயனில்லை.

நமது நால்வரையே எடுத்துக்கொள்ளுங்கள். கணிதம் தவறிய பிள்ளை தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் திரும்ப எழுதலாம். பக்கத்துத் தோட்டத்து ஆசிரியர் ஒருவர் வாரத்தில் இரு மாலைகள் சொல்லிக்கொடுத்தால் போதும். எழுதவே மனமில்லையென்றால், சாதாரண தரம் சித்தியடையாதவர்களையும் ஏற்கும் பயிற்சிகள் 1995இல் அமைக்கப்பட்ட தொழிற்பயிற்சி அதிகாரசபையில் உண்டு. மேசனுக்கு மீண்டும் பள்ளிக்கூடம் வேண்டாம். என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழை, வகுப்பில் படிக்காமலே, செய்து பழகிய வேலையைப் பரீட்சகர் முன் செய்துகாட்டிப் பெறும் வழி இருக்கிறது. கட்டிய சுவர்களின் படங்களையும், வேலை கொடுத்தவர்களின் கடிதங்களையும் திரட்டவேண்டும். அதற்குத்தான் கூட ஒருவர் வேண்டும். பெயர் மாறிய வாலிபனின் காரியம் பிரதேச செயலகத்துப் பதிவாளர் கிளையில் இருக்கிறது. இங்கே பங்குக் கோயிலுக்கும் ஒரு வேலையுண்டு: ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கும் பழைய வரி ஒரு சான்றாக உதவக்கூடும். பிரதி கேட்டு வருபவரை இன்று போய் நாளை வா என்று எந்தக் குருவானவரும் அனுப்பாதிருப்பாராக. தாயின் காரியம் இவை எல்லாவற்றிலும் கடினமானது. மடுவம் மூடிய பிறகு அந்த ஒன்றரை மணி நேரம் குழந்தையை வைத்திருக்கும் பாட்டி ஒருத்தி லயத்தில் கிடைத்தால் வழி பிறக்கும். கிடைக்காவிட்டால் வீட்டிலிருந்தே செய்யக்கூடியது எது என்று அவளைக் கேட்கவேண்டும். ஒருவேளை அவளுக்குத்தான் அந்தத் தையல் மெஷின்!

1833இல் பாரிஸ் நகரில் பிரெடெரிக் ஓசனாம் என்ற இருபது வயது மாணவரும் அவருடைய தோழரும் ஏழைகளின் வீட்டுக்கே போய்ச் சந்திப்பதைத் தங்கள் முதல் விதியாக வைத்து ஒரு சபையைத் தொடங்கினார்கள். அதுவே இன்று நம் பங்குகளில் இருக்கும் புனித வின்சென்ட் டி போல் சபை. அரிசியும் சீனியும் கொடுப்பதோடு அச்சபையார் நின்றுவிடாமல் இந்தக் கொப்பியையும் கையில் எடுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கொப்பியில் கத்தோலிக்கரின் பெயர் மட்டும் இருக்கலாகாது. நம் லயங்களில் நாம் சிறு தொகையினர். சுவருக்கு அந்தப்பக்கம் மாரியம்மனைக் கும்பிடும் வீட்டுப் பிள்ளைக்கும் அதே கணிதந்தான் தவறியிருக்கிறது.

எல்லாப் பக்கங்களும் வெற்றியில் முடியும் என்று நான் சொல்லவில்லை. ஒருவன் பயிற்சிக்குப் போய் இரண்டாம் வாரம் திரும்பி வருவான். விடுதிச் சாப்பாடு பிடிக்கவில்லை என்பான். உண்மையில் அங்கே யாரோ "தோட்டக்காட்டான்" என்று சொல்லியிருப்பார்கள். அதைச் சொல்ல அவனுக்கு நாக்கு வராது. அப்போது அவனைத் திட்டாமல், அதே பக்கத்தில் புதிய தடையை எழுதி, பெத்சாயிதாவில் ஆண்டவர் செய்தது போல மறுபடியும் கை வையுங்கள்.

ஒரு குடும்பம் இரண்டு பக்கங்களுக்கு மேல் ஏற்கவேண்டாம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அடுத்த சந்திப்பின் திகதியைக் குறித்து, அதை அந்த வீட்டாருக்கும் சொல்லிவிட்டு வாருங்கள். பகலில் போகாதீர்கள், மலைக்குப் போன தாய் வீட்டில் இருக்கமாட்டாள். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைக்கும் வேளையில் போனால் எல்லாரும் இருப்பார்கள்.