கடைசி வாங்கில் ஒரு பிள்ளை

வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருக்க, காது கேளாத ஒரு பிள்ளைக்காக ஆசிரியை நேரத்தைச் செலவிட்டால் மற்றவர்களின் படிப்பு என்னாவது? வெலிமடைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு தகப்பன் இப்படிக் கேட்டால் அவரைக் கல்நெஞ்சர் என்று ஒதுக்கிவிடலாகாது. லயத்துக் காம்பராவிலிருந்து ஒரு பிள்ளையைச் சாதாரண தரம் வரை கொண்டுவருவது எத்தனை பாடு என்பதை அறிந்தவர் அவர்.

ஆயினும் இவ்வாதம் நமக்குப் புதிதன்று. கொழுந்து பறிப்பவரின் பிள்ளைக்குப் பெரிய படிப்பு எதற்கு என்று ஒரு காலத்தில் நம்மைப் பற்றியே பேசினார்கள். 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்கும் வரை, பல தோட்டப் பாடசாலைகள் ஓர் ஆசிரியரும் ஒரு கொட்டகையுமாகவே இருந்தன. செலவுக்கேற்ற பயனில்லை என்று நம்மை வெளியே நிறுத்திய அதே அளவுகோலை, நம்மிலும் எளிய ஒரு பிள்ளைமீது நாமே வைப்பது நீதியாகுமா?

1994 ஜூனில் ஸ்பெயின் நாட்டின் சலமன்கா நகரில் 92 அரசுகளின் பிரதிநிதிகள் கூடி, விசேட தேவையுடைய பிள்ளைகளுக்குச் சாதாரண பாடசாலையிலேயே இடமளிக்க வேண்டும் என அறிவித்தனர். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கையும் 2016இல் ஏற்று உறுதிசெய்தது. ஆனால் இடாப்பில் பெயரை எழுதிக் கடைசி வாங்கில் உட்காரவைத்தால் அது கல்வியாகிவிடுமா?

செவிப்புலனும் பார்வையும் அற்றோருக்கென 1912இல் தொடங்கப்பட்ட இரத்மலானைப் பாடசாலை பலருக்கு வாழ்வளித்தது. அதைக் குறைகூற இடமில்லை. சைகைமொழியைக் கூட்டாளிகளோடு சேர்ந்திருந்தே நன்கு கற்க முடியும். ஆனால் சிறு வயதில் மலையிறங்கிக் கடலோரம் போகும் பிள்ளை தாயைப் பிரிந்தல்லவா போகிறது! போகாமல் வீட்டில் இருந்தாலோ, துணைக்கு நிற்கும் அக்காளின் படிப்பும் நின்றுபோகும். தாய் பெரட்டுக்குப் போயாக வேண்டுமே.

வகுப்பில் முகம் தெரியப் பேசுவதற்கும், கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்வதற்கும், பாடத்தைச் சிறு கூறுகளாக்குவதற்கும் பணம் வேண்டியதில்லை. வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத மற்றப் பிள்ளைகளும் இவற்றால் பயனடைவர். எல்லாம் இவ்வளவு எளிதன்று என்பதும் உண்மையே. நிலைகொள்ளாது ஓடும், அலறும் பிள்ளையை உதவியாளரின்றி ஆசிரியையின் தலையில் கட்டிவிட்டு, அன்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது அவருக்கும் அநீதி, பிள்ளைக்கும் அநீதி. விசேட கல்வி பயின்ற தமிழ்மொழி ஆசிரியரைக் கேட்டுப் பெறுவது பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வேலை. வெலிமடை வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதும் அந்தக் கடிதத்தில் பிள்ளையின் தாய் மட்டும் தனியே ஒப்பமிட்டால் போதாது. நாற்பது வீட்டாரும் இட வேண்டும்.