யாழை முறிக்க ஓங்கிய கை

பினாங்கு லோரோங் குலிட் சந்தைக்கு வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். நகர விளையாட்டரங்கை ஒட்டிய அந்தப் பழஞ்சாமான் சந்தையில் பீங்கான் கிண்ணம், நின்றுபோன கைக்கடிகாரம், செல்லாத நாணயம் என்று பலதும் பரப்பியிருக்கும். நடுவே இசைத்தட்டுகளும் கிடக்கும். தட்டு வாங்க வருகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒருவர் உறையைக் கண்டதுமே பாட்டை முணுமுணுக்கத் தொடங்கிவிடுவார். இன்னொருவர் தட்டை உருவி, அதன் விளிம்பை இரு உள்ளங்கைகளுக்கு நடுவில் பிடித்து, வெயிலுக்குச் சாய்ப்பார். கீறல் இருந்தால் மயிரிழைபோல் மின்னும். மின்னினால் தட்டு மறுபடி உறைக்குள் போய்விடும், பாடியிருப்பது சீர்காழி கோவிந்தராஜனே ஆனாலும்.

இந்த இரண்டாமவரைக் கேலி செய்வது சுலபம். ஆம்ப்ளிஃபயரை மாற்றுவார், ஸ்பீக்கரை மாற்றுவார், பிறகு வயரை மாற்றுவார். அவர் வீட்டில் எந்தப் பாட்டும் சரணம்வரை போவதில்லை. பல்லவியிலேயே எழுந்துபோய் எதையாவது திருகுவார். ஆனால் குற்றமில்லாத ஒலி வேண்டும் என்ற ஏக்கம் இன்று நேற்று வந்ததல்ல. இறைவனின் திருவடி நிழலுக்கு உவமை தேடிய அப்பர், நிலவுக்கும் தென்றலுக்கும் முன்பாக, பழுதற்ற வீணை ஒலியைத்தான் வைத்தார். சுண்ணாம்புக் காளவாயில் அடைபட்டிருந்தபோது பாடியது என்பது மரபு. காளவாயில் வீணை ஏது?

1982-இல் சிடி கடைக்கு வந்தபோது அந்தப் பழுதற்ற ஒலி கைக்கெட்டிவிட்டதாகவே விளம்பரங்கள் பேசின. ஒலியலையை வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாகப் பதிந்து வைக்கும் ஏற்பாடு அது. நல்ல இளங்காதுக்கே 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது என்பதால் கணக்குப்படி இது தாராளம். தேடியவர்களுக்குப் போதவில்லை, இன்னும் நுட்பமான தட்டுகள் வந்தன. பிராட் மேயர், டேவிட் மோரன் என்ற இரு அமெரிக்கர்கள் அவற்றை எடுத்து, நேராக ஒரு முறையும் சிடி தரத்துக்கு இறக்கி ஒரு முறையுமாக, எது எதுவென்று சொல்லாமல் ஒலிக்கவிட்டார்கள். கேட்டவர்களில் ஒலிப்பதிவுத் தொழிலில் இருந்தவர்களும் உண்டு. 554 முறை கேட்டதில் 276 முறை சரியாகச் சொன்னார்கள். காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வந்திருக்கும். 2007-இல் இது வெளியானபோது பலருக்குக் கோபம் வந்தது. காசு போட்டவருக்கு வராதா?

தைப்பூசத்தன்று பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. இரண்டு பந்தல்களுக்கு நடுவே நிற்பவருக்கு ஒரு காதில் டி.எம்.எஸ்., மறு காதில் உறுமி. தொழில் தெரிந்தவர் யாரும் அதை நல்ல ஒலி என்று சொல்லமாட்டார். ஆனாலும் அந்த இரைச்சலுக்குள்ளிருந்து முருகன் பாட்டின் ஒரு வரி பிரிந்து வந்து, காவடி எடுத்து நடப்பவரின் காலைத் தூக்கி வைக்கிறது. பக்தி மிகுதி என்று இதைத் தள்ளிவிட முடியாது. பழைய தொலைபேசி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடும். ஆண் குரலின் அடிநாதம் இருப்பதோ 100 ஹெர்ட்ஸை ஒட்டி. அப்படியிருந்தும் அப்பாவின் கனத்த குரல் கம்பி வழியே கனமாகவே கேட்டது. வராத அடிநாதத்தை, வந்து சேர்ந்த மேற்சுரங்களை வைத்து மூளையே போட்டு நிரப்பிக்கொள்கிறது. அப்படியானால் கேட்ட அந்த ஒலி எங்கே இருந்தது? ஸ்பீக்கரில் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

தம்புரா இன்னும் குறும்பானது. தந்தியைத் தாங்கும் குதிரையின் மேல், தந்திக்கு அடியில், ஒரு துண்டுப் பருத்தி நூலைச் செருகுவார்கள். மீட்டிக்கொண்டே அதை இம்மி இம்மியாக நகர்த்தினால், ஒரு புள்ளிவரை ஒலி மொட்டையாக இருக்கும். சட்டென்று ரீங்காரமாக விரியும். தந்தி குதிரையை உரசுவதால் வருவது அது. ஆம்ப்ளிஃபயர் மாற்றுகிறவரின் கண்ணோட்டத்தில் கலப்படம். நூலுக்குப் பாடகர்கள் வைத்த பெயரோ ஜீவா. வழக்கமான விதிப்படி எழக்கூடாத மேற்சுரங்கள் தம்புராவிலும் வீணையிலும் எழுவதை சி.வி. ராமன் 1921-இல் ஒரு கட்டுரையாகவே எழுதினார்.

இப்படிச் சொல்வதால் ஓட்டை ரேடியோவே போதும் என்று ஆகிவிடாது. ஆயிரம் ஆண்டுக்கு முன் காஷ்மீரத்தில் இருந்த அபிநவகுப்தர், ரசம் என்னும் கலைச்சுவைக்கு வரும் இடையூறுகள் ஏழு என்று எண்ணினார். உணர்த்தும் சாதனம் பழுதாயிருப்பது அதில் ஒன்று. தட்டைச் சாய்த்துப் பார்ப்பவருக்கு இது நல்ல சான்றிதழ். ஆனால் அதே பட்டியலில், தன் சொந்தச் சுகதுக்கத்தில் மாட்டிக்கொண்டு கிடப்பதும் ஓர் இடையூறு. பல்லவியிலேயே எழுந்துபோகிறவர் முதல் இடையூறைத் துரத்தி இரண்டாவதில் போய் விழுகிறார்.

பெரியபுராணத்தில் இதற்கு ஒரு காட்சியே இருக்கிறது. சம்பந்தர் பதிகங்களை யாழில் இட்டு வாசித்துவந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரத்து உறவினர்கள், அவர் யாழில் இடுவதால்தான் பதிகங்கள் புகழ் பெறுகின்றன என்று பேசினார்கள். மனம் கூசிய பாணர், யாழில் அடங்காத ஒன்றைப் பாடியருள வேண்டினார். சம்பந்தர் பாடினார். விரல்கள் திணறின. குற்றம் இந்தக் கருவியுடையது என்று பாணர் யாழை முறிக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்தார்: இறைவன் அருளெல்லாம் இந்தக் கருவிக்குள் அளவுபடுமா, அடங்கிய மட்டும் வாசியும் என்பது அவர் சொன்னதன் சாரம். பாணர் அதற்குப் பின்னும் அதே யாழோடு அவருடன் நடந்தார்.

லோரோங் குலிட்டில் கீறல் விழுந்த தட்டுகள் முதலாமவர் வீட்டுக்கே போய்ச் சேர்கின்றன. ஊசி அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் ‘டிக்’ என்று ஒரு துள்ளல். சில வருஷம் கழித்து அதே பாட்டை எங்கோ ஒரு காரில், துடைத்துவிட்டதுபோல் சுத்தமாகக் கேட்கிறார். சரணம் நெருங்கும்போது தலை லேசாக முன்னால் சாய்கிறது, டிக் வரவில்லை.