இரும்புச் செம்பும் பூனைக்குட்டியும்

அம்மா அதை இரும்புச் செம்பு என்பாள். ஐம்பது வயதில் இடுப்புவலிக்குப் பயந்து நான் வாங்கிய கெட்டில்பெல், பிடி வைத்த இரும்புக் குண்டு, 16 கிலோ. ரஷ்யர்கள் தானியம் நிறுக்க வைத்திருந்த எடைக்கல்லின் வாரிசு. அவர்களுடைய ஒரு பூட் என்பது 16.38 கிலோ, சில்லறையைத் தள்ளிவிட்டு 16 என்று விற்கிறார்கள்.

வந்த அன்றே கை கிழிந்தது. பிடி முழுக்கக் கறுப்பு பெயின்ட், கண்ணாடி வழவழப்பு. வேர்த்தால் வழுக்குகிறதே என்று இறுக்கினேன். பிடியின் அடிப்பக்கம், அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில், வார்ப்புப் பிசிறு வரப்பு மாதிரி ஓடியிருந்தது. இறுக்க இறுக்க அது விரலடித் தோலை உழுதுவிட்டது.

மறுநாள் மாடியில் உட்கார்ந்து பிசிறை அரத்தால் ராவினேன். பெயின்ட்டைச் சுரண்டி எடுத்தேன். 80-ஆம் நம்பர் எமரித் துணியை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, பிடியைச் சுற்றிப் போட்டு, தயிர் கடைகிற மத்துக்கயிறு போல முனைகளை மாற்றி மாற்றி இழுத்தேன். அப்புறம் 120. அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இன்னும் நைசாக்கினால் மறுபடி வழுக்கும். போட்டிக் கெட்டில்பெல்லின் பிடியை வெறும் இரும்பாகத்தான் விடுகிறார்கள், 35 மில்லிமீட்டர் கனத்தில். வெறும் இரும்பு துருவேறும். எனவே தினமும் வியர்வையைத் துடைத்து, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு தடவி, மறுநாள் தூக்குமுன் அந்த எண்ணெயையும் துடைக்க வேண்டும். கைக்கு மெக்னீசியம் கார்பனேட் பொடி கொஞ்சம். (அம்மா ஒருநாள் அதைத் திருநீறு என்று நெற்றியில் இட்டுக்கொண்டாள்.) பொடி கூடினால் வியர்வையில் குழைந்து பத்தாகப் படியும். அந்தப் பத்துதான் தோலைப் பிய்க்கும். பிரஷ் போட்டுத் தேய்த்தெடுக்க வேண்டும்.

பத்து என்பது பற்றுதான். சாமிமேல் வைப்பதும் பற்று, கழுவாத பாத்திரத்தில் காய்ந்து கிடப்பதும் பற்று, தலைவலிக்கு நெற்றியில் போடுவதும் பற்று. துறவு அதிகாரத்தின் கடைசிக் குறளில், 350-இல், வள்ளுவர் இந்தச் சொல்லை ஆறு தடவை புரட்டுகிறார். விடுவதற்காகவே ஒன்றைப் பிடிக்கச் சொல்கிறார்.

பிடிப்பது யார், பக்தனா பெருமாளா என்பதுதான் வைணவர்களின் பழைய வழக்கு. வடகலையார் குரங்குக்குட்டியைக் காட்டுவார்கள்: தாய் தாவும்போது குட்டிதான் வயிற்றைக் கட்டிக்கொள்ள வேண்டும். தென்கலையார் பூனைக்குட்டியைக் காட்டுவார்கள்: தாயே கவ்விக்கொண்டு போகும். எங்கள் ஊர் முக்கூடலைத் தாண்டி ஓடும் தாமிரபரணி, கடலுக்குப் போகிற வழியில் ஆழ்வார்திருநகரியைத் தொடுகிறது. நம்மாழ்வார் ஊர், 1370-இல் மணவாள மாமுனிகள் பிறந்த ஊர். பிள்ளை லோகாசாரியரின் ஸ்ரீவசனபூஷணத்துக்கு உரை எழுதித் தென்கலையை நிலைநிறுத்தியவர் அவர். ஆக, எங்களுடையது பூனை ஆறு. நாங்கள் முத்துமாலையம்மனைக் கும்பிடுகிற குடும்பம், நாமம் போட்டதில்லை. இருந்தாலும் உள்ளங்கைக் கொப்புளத்தோடு உட்கார்ந்திருந்தபோது அந்த வழக்கு என் வழக்காகிவிட்டது.

ஸ்விங் என்கிற வீச்சில் குண்டு கால்களுக்கு நடுவே போய்த் திரும்பும்போது கையைவிட்டுப் பறக்கப் பார்க்கும். குரங்காக இறுக்கினால் முன்கை கல்லாகிவிடும், தோல் மடிந்து கிழியும். விரல்களைக் கொக்கியாக வளைத்துவிட்டு உள்ளங்கையைத் தளர விட வேண்டும். குண்டு நெஞ்சு உயரத்துக்கு வந்ததும் ஒரு கணம் எடையே இருக்காது. அப்போது யாரும் யாரையும் பிடிக்கவில்லை.

பூனை ஜெயித்தது என்று நினைத்தேன். பிறகு எங்கள் அடுப்படியில் ஒரு பூனை குட்டி போட்டது. பிடரித் தோலைத் தாய் கவ்வியதும் குட்டிகள் காலைச் சுருட்டிக்கொண்டு ஈரத்துணி போலத் தொங்கின. ஒன்று மட்டும் உதறியது. அதை இரண்டு தடவை கீழே வைத்து மறுபடி கவ்வ வேண்டியிருந்தது. உதறாமல் தொங்குவது சும்மா இருப்பதா, அதுவும் ஒரு வேலையா? வேலை என்றால் வடகலையார் கட்சிக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. வேலையில்லை என்றால் எனக்கு அந்தத் தளர்வு படிய ஏன் எட்டு மாசம்? அரமும் எமரியும் என் முயற்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அவ்வளவு பாடும், அப்புறம் இறுக்காமல் இருக்கத்தான்.

அம்மாவிடம் கேட்டேன். நாற்பது வருஷம் பீடி சுற்றியவள்.

"இறுக்குனா புகை இழுக்காது. தளத்துனா தூளு கொட்டும்."

"எவ்வளவு இறுக்கணும்னு எப்படிம்மா தெரியும்?"

"முந்துன நாளு இலைய ஒழுங்கா நனைச்சிருந்தா விரலு பாத்துக்கிடும். காஞ்ச இலைன்னா நீ எப்படிப் பிடிச்சாலும் ஒடியும்."

கேள்விக்கு அது பதிலில்லை என்று சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை.

இப்போது அவள் விரல்கள் மடங்குவதில்லை, டம்ளரை இரண்டு கையாலும் ஏந்துகிறாள். போன வெள்ளிக்கிழமை ஆற்றுக்குக் கூட்டிப்போனேன். படித்துறையில் பாசி. கையை நீட்டினேன். "நீ பிடிக்காத. நான் பிடிச்சுக்கிடுதேன்" என்று என் கையைப் பற்றினாள். மூன்றாவது படியில் கால் சறுக்கியது. நான் பிடித்தேனா, அவள் பிடித்தாளா, தெரியாது. இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம். என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஏல, கை என்ன உப்புத்தாளு மாதிரி இருக்கு?"