நோயாளியின் சலுகை

நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பதை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் அதனை ஐயமற உரைக்கின்றன. ஆயினும், அச்சலுகையை ஏற்பவர் ஈமானில் ஒரு படி தாழ்ந்தவர் என்னும் எண்ணம் நம்மிடையே மறைந்தபாடில்லை. வலியைப் பொறுப்பதெல்லாம் ஸபுர் ஆகிவிடுமா?

டான்சில் அறுவை செய்துகொண்ட ஒருவரை எண்ணிப் பாருங்கள். அரபியில் அச்சதைகளுக்கு ‘லவ்ஸத்தான்’, அதாவது இரு வாதுமைப் பருப்புகள் என்று பெயர், எத்துணைப் பொருத்தம்! ஏறத்தாழ 1013இல் மறைந்த ஸ்பெயின் நாட்டு மருத்துவர் அஸ்ஸஹ்ராவி, நாவை அழுத்திக் கொக்கியால் பற்றி அவற்றை அறுக்கும் முறையைத் தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலில் விவரித்துள்ளார். சிறுவர் இதிலிருந்து விரைவில் தேறுவர். வளர்ந்தவர்க்கோ 10 முதல் 14 நாள் வரை செல்லும். புண்ணின்மேல் வெண்படலம் படரும், அது சீழன்று. தொண்டையின் வலி காதிலே குத்தும். 5ஆம் நாளுக்கும் 10ஆம் நாளுக்கும் இடையே படலம் உதிர்கையில் குருதி கசியலாம். கண்டால் உடனே மருத்துவரிடம் விரைய வேண்டும். விழுங்க அஞ்சித் தண்ணீரை ஒதுக்கினால் தொண்டை வறண்டு வலி மிகும். அத்தகையவர் ரமலானில் பகலெல்லாம் நா வறண்டு கிடப்பதை ஸபுர் என்று நான் கொள்ளேன். கடுந்தீங்கு உறுதியெனில் நோன்பு கூடாதென்றே ஃபிக்ஹு அறிஞர்கள் எழுதினர். தேறியபின் களாச் செய்துகொள்ளலாம்.

இது மார்க்கம் தந்த சலுகை. அந்நோயாளி சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசுத் தொழிலாளியாயின், மனிதர் தரவேண்டிய சலுகை ஒன்றும் மீதமிருக்கிறது. எண்ணிக்கைக் கூலிக்குத் திரி செருகுபவருக்கு ஓய்வு நாளெல்லாம் பட்டினி நாளே. ஆகவே 6ஆம் நாளே வெயிலுக்கும் வெடிமருந்துத் தூசிக்கும் திரும்பத் துணிகிறார். குருதி கசியக்கூடிய நாள்களும் அவையே அன்றோ! இ.எஸ்.ஐ. பதிவும் உரிய சந்தாவும் இருந்தால் நோய்விடுப்பில் கூலியின் 70 விழுக்காடு, ஆண்டில் 91 நாள் வரை கிடைக்கும். பதிவேட்டில் பெயரே ஏறாதவர் என் செய்வார்? 2022இல் விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அறுவைக்குக் காசு வேண்டாமலிருக்கலாம். அதன்பின் இரு வாரம் அடுப்பெரிய என்ன வழி?

நம் ஜமாஅத்துகளின் பைத்துல்மால் இதற்கும் பயன்படலாம். ஏழை நோயாளிக்கு ஜகாத்தில் பங்குண்டு. அண்டை வீட்டார் பிற சமயத்தவராயினும் ஸதகாவுக்குத் தடையில்லை. ஆனால் அவர் கேட்டு வரட்டும் என்று காத்திருத்தல் தகாது. பேசவும் இயலாத தொண்டை அது. 6ஆம் நாள் விடியலில் ஆலை வண்டி தெருமுனையில் வந்து நிற்பதற்கு முன்பே அந்த இரு வாரக் கூலி அவர் கையில் சேர வேண்டும்.