சுமைக்கு அடியில் கழுதை



விடுதலைப் பயண நூலின் 23ஆம் அதிகாரத்தில் ஒரு சின்னச் சட்டம் இருக்கிறது. உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை பாரம் தாங்காமல் விழுந்து கிடப்பதைக் கண்டால், பேசாமல் விலகிப் போகாதே, அவனோடு சேர்ந்து அதைத் தூக்கிவிடு என்கிறது. கழுதையை உன் வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்கச் சொல்லவில்லை. சொந்தக்காரன் அங்கேதான் நிற்கிறான். அவனால் தனியே தூக்க முடியவில்லை, அவ்வளவுதான். பாரம் ஏற்றிய கழுதையைக் கிளப்ப இரண்டு பக்கமும் ஆள் வேண்டும் என்பது இதை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

புனித பிரான்சிஸ் அசிசியாரின் திருவிழாவையொட்டி இன்று திருப்பலி முடிந்ததும் வெளியே நாய், பூனை, கிளிகளுக்கு ஆசீர் கொடுப்போம். கழுதை வராது. ரொறன்ரோ மாநகருக்குள் அதை வீட்டில் வளர்க்கச் சட்டம் விடாது. பார்க்க விரும்பினால் 401 நெடுஞ்சாலையில் மேற்கே ஒரு மணி நேரம் ஓட வேண்டும். குவெல்ஃப் நகருக்குப் பக்கத்தில் 1992இல் தொடங்கிய கழுதைச் சரணாலயம் இருக்கிறது. மன்னாரிலிருந்து வந்தவர்கள் சிரிப்பீர்கள், உங்கள் ஊரில் கழுதை நிற்காத சந்தி ஏது! ஆனால் வாகனத்தில் அடிபட்டும் பிளாஸ்டிக் குப்பையில் சிக்கியும் அவை படும் பாட்டைப் பார்த்து, மன்னாரிலும் அவற்றுக்கென்றே ஒரு மருத்துவ நிலையம் திறந்தார்கள்.

பண்ணை விலங்கை மீட்பது ஒருநாள் வேலை. அன்று படம் எடுக்கலாம், கண்ணீர் விடலாம். கழுதை முப்பது வருடத்துக்கு மேலும் உயிர் வாழும். ஐம்பது வயதில் ஒருவர் அதன் கயிற்றைக் கையில் வாங்கினால், எண்பதிலும் அவரே வைக்கோல் தூக்க வேண்டும். தை மாதத்து விடியற்காலை, மைனஸ் இருபது. குழாய் உறைந்துவிட்டது. தொட்டியில் பனிக்கட்டியை உடைத்து, வீட்டுக்குள்ளிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமக்க வேண்டும். ஆறு முதல் பத்து வாரத்துக்குள் குளம்பு சீவ வேண்டும், விட்டால் வளைந்து வளர்ந்து நடக்க முடியாமல் போகும். செழித்த புல்லும் அதற்கு ஆகாது, காலில் நோய் வரும். நோவை வெளியே காட்டாத பிராணி அது. சாப்பாட்டை விட்டு ஒதுங்கி நிற்கிறதென்றால் அன்றைக்கே வைத்தியரைக் கூப்பிட வேண்டும். சோடி சேர்ந்து வாழும். ஒன்று செத்தால் உடலை உடனே அகற்றாமல் மற்றதைச் சிறிது நேரம் பக்கத்தில் நிற்க விடுவார்கள். இல்லாவிட்டால் அது தேடித் திரிந்து, தீனையும் விட்டுவிடும்.

இத்தனைக்கும் ஒரே ஆள் என்றால்? காய்ச்சலென்று படுக்க முடியாது. தாயின் செத்தவீட்டுக்கும் இரண்டு நாள் போய்வர முடியாது.

எஸ்தர் என்ற பன்றியை உங்களில் சிலர் அறிவீர்கள். சின்னதாகவே இருக்கும் என்று நம்பி, 2012இல் ஸ்டீவ் ஜென்கின்ஸ், டெரிக் வால்டர் என்ற இருவர் ரொறன்ரோவுக்கு அருகில் தங்கள் வீட்டுக்கு எடுத்த குட்டி. முந்நூறு கிலோ அளவுக்கு வளர்ந்துவிட்டது! 2014இல் அவர்கள் காம்பெல்வில்லில் பண்ணை வாங்க, முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோர் பணம் அனுப்பினார்கள். எஸ்தர் 2023இல் இறந்தது. புகழ் வந்ததால் உதவி வந்தது. புகழில்லாத பண்ணைகளும் இந்த மாகாணத்தில் உண்டு.

அங்கே நடப்பதைச் சொல்கிறேன். இரக்கமுள்ள ஒருவர் முதல் ஆட்டுக்கு ‘ஓம்’ என்கிறார். பத்தாவதுக்கும் அதையே சொல்கிறார். 1995 ஐப்பசியில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு ஓடும்போது மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, திரும்பிப் பாராமல் நடந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஒரு வாயில்லாச் சீவனுக்கு ‘இல்லை’ சொல்வது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் வைக்கோல் போதாமல் போகும், கடன் ஏறும், முதுகு விழும். ஒருநாள் மாகாணத்தின் விலங்குநல ஆய்வாளர் வந்து பார்க்கும்போது பட்டியில் நிற்பவை எலும்பும் தோலுமாக இருக்கும். இரக்கத்தில் தொடங்கியது கொடுமையில் முடிகிறது. அந்த மனிதரை நான் குற்றம் சொல்லத் தயாரில்லை. ‘அவ ஒரு புனிதை’ என்று சொல்லிவிட்டுக் காரைத் திருப்பிக்கொண்டு வந்த நம்மைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஒருவரைப் புனிதராக்கிவிட்டால் அவருக்குக் கைகொடுக்கத் தேவையில்லை என்று நினைக்கிறோம். மலிவான வழி.

மோசேயின் மாமனார் இத்திரோ பாலைநிலத்துக்கு வந்து பார்த்தபோது, மருமகன் காலை முதல் மாலை வரை தனியே உட்கார்ந்து எல்லோருடைய வழக்கையும் தீர்த்துக்கொண்டிருந்தார். மாமனார் மெச்சவில்லை. இப்படியே போனால் நீயும் விழுவாய், உன்னை நம்பியிருக்கிற சனமும் விழும் என்றார். பிரான்சிசும் கிட்டத்தட்ட அதே பிழையைச் செய்தவர். தம் உடலைக் கழுதைச் சகோதரன் என்று அழைத்து வாட்டியவர், சாகும் காலத்தில் அதனிடம் மன்னிப்புக் கேட்டார் என்பது மரபு. ஆனால் 1223இல் கிரேச்சோ என்ற ஊரில் முதல் கிறிஸ்து பிறப்புக் குடிலை அமைத்தபோது அவர் தனியே எதையும் இழுக்கவில்லை. வைக்கோலையும் மாட்டையும் கழுதையையும் ஆயத்தம் செய்தவர் ஜான் என்ற ஊரவர்.

இப்படிப்பட்ட பண்ணைக்கு உதவப் போகாதவர்களுக்கும் கழுதையைத் தூக்கிவிடச் சொல்லும் அந்தச் சட்டம் பொருந்தும். ஸ்காபுறோவின் அடுக்குமாடிகளில் மறதி நோய் பிடித்த தாயைத் தனி ஒரு மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளையும் ‘நல்ல பிள்ளை’ என்று புகழ்ந்துவிட்டுத்தான் லிஃப்டில் இறங்குகிறோம். ‘ஏதும் உதவி வேணுமெண்டா சொல்லுங்கோ’ என்று சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். எதைக் கேட்பது, யாரைக் கேட்பது என்று யோசிக்கும் வேலையும் அவள் தலையில்தான் விழுகிறது. ‘செவ்வாய்க்கிழமை காலமை நான் வாறன், நீங்கள் மத்தியானம் மட்டும் படுங்கோ’ என்று சொல்லுங்கள். சொன்னால் போங்கள்.

பண்ணைக்கு உதவப் போகிறவர்கள் இளையோரையும் கூட்டிக்கொண்டு, முன்கூட்டியே அழைத்துக் கேட்டுவிட்டு, சேற்றுக்குப் போடும் றப்பர் சப்பாத்தோடு போங்கள். கழுதையைத் தடவப் போட்டி போடாமல் முதலில் சாணியை அள்ளுங்கள். பாண் கொண்டுபோகாதீர்கள், கழுதைக்கு அது ஆகாது.