பிறர் ஏட்டைத் திருத்துதல்

இலாபம் ஈட்டுவதற்கென்றே நடைபெறும் நிறுவனமொன்று, தனது மென்பொருளுக்கான விளக்க ஆவணங்களைப் பொதுமக்கள் முன் திறந்துவைத்து, "பிழை கண்டால் நீங்களே திருத்தி அனுப்புங்கள்" என்று அழைக்கின்றது. திருத்துவோர்க்குக் கூலி இல்லை. திருந்திய ஆவணத்தால் நிறுவனத்துக்கு இலாபம் உண்டு. இவ்வழைப்பை நாம் ஏற்கலாமா? ஏற்பது பொதுப்பணியாகுமா, அன்றி நம்மை நாமே சுரண்டக் கொடுப்பதாகுமா?

எம்மிடம் பயிலும் மாணவர்களே அண்மையில் இவ்வினாவை எழுப்பினர். அவர்களுள் ஒருவர் ஒரு நிறுவனத்தின் தரவுத்தள மென்பொருளைக் கையாளுகையில், விளக்க ஆவணத்தில் கண்டவாறே ஒரு கட்டளையை இட்டார். சேர்த்துவைத்திருந்த தரவு முழுவதும் அழிந்தது. முன்னிருப்பதை அழித்துவிட்டே அக்கட்டளை புதியதை எழுதும் என்னும் எச்சரிக்கை ஆவணத்தில் இல்லை. தமக்கு நேர்ந்தது பிறர்க்கு நேரலாகாது என்று எண்ணிய அவர், அவ்வெச்சரிக்கையை இரண்டு வரியில் எழுதி அனுப்பினார். சில மாதங்களின் பின் அவ்வரிகள் ஆவணத்தில் இடம்பெற்றன. ஆனால் அத்திருத்தம் நிறுவன ஊழியர் ஒருவரின் பெயரிலே பதிவாகியிருந்தது. "எனக்குக் காசு வேண்டாம், நான் எழுதியதை நான் எழுதியதென்று சொன்னாற் போதும்" என்றார் அவர். "முதலாளிக்கு இலவசமாய் உழைத்த உனக்கு இதுவும் வேண்டும்" என்று ஏனையோர் நகைத்தனர். நகைத்தவர்கள் கூற்றில் நியாயம் உண்டு. எனினும் அது முழு நியாயமன்று என்பதே எமது கருத்து.

இத்தகைய திருத்தம் எவ்வாறு நிகழ்கின்றது என்பதை முதலில் நோக்குவோம். ஏட்டுச்சுவடிக் காலத்தில் ஒருவர் ஏட்டை மற்றொருவர் பார்த்துப் பெயர்த்தெழுதினார். எழுதுகையில் ஒரு சொல் மாறும். ஓர் அடி விடுபடும். சிலவேளை படியெடுப்பவரே தமக்குப் பொருந்தாதெனத் தோன்றியதை மாற்றிவிடுவார். மாற்றியவர் யார், எப்போது மாற்றினார், எதற்காக மாற்றினார் என்பதற்குப் பதிவு இல்லை. 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களோடு போராட நேர்ந்தமைக்கு இதுவே காரணம். இன்று கணினியில் வழங்கும் 'கிட்' என்னும் முறை இக்குறையை முற்றாக நீக்குகின்றது. ஒவ்வொரு மாற்றத்தோடும் எழுதியவர் பெயர், நாள், நேரம், காரணம் ஆகியன பதிவாகின்றன. எழுதியவர் ஒருவர், அதனை ஏற்றுச் சேர்த்தவர் மற்றொருவர் எனின் இருவர் பெயரையும் வெவ்வேறாகக் குறிக்க அதில் இடமுண்டு. ஒவ்வொரு பதிவின் அடையாள எண்ணும் அதற்கு முந்திய பதிவின் எண்ணையும் உள்ளடக்கிக் கணிக்கப்படுவதால், பழைய பதிவொன்றை மறைவாக மாற்றினால் அதன் பின்வந்த எண்கள் யாவும் மாறிப்போகும், களவு வெளிப்பட்டுவிடும். (ஒரு வரியை எழுதியவர் யாரென்று காட்டும் கட்டளைக்கு இம்முறையை ஆக்கியோர் 'பிளேம்', அதாவது பழி, என்று பெயரிட்டனர். பிழை தேடுவோர் மனப்பாங்கு அது. புகழ் என்று அவர்கள் பெயரிடவில்லை.)

இவற்றினும் முக்கியமானது வேறொன்று. ஆவணத்தைப் படியெடுப்பவர் அதன் இன்றைய வடிவை மட்டுமன்றி, அதன் வரலாறு முழுவதையும் தம் கணினிக்குக் கொண்டுவருகின்றார். மூல ஏடு ஒருவர் பெட்டியில், படிகள் பிறர் கையில் என்ற நிலை இங்கு இல்லை. ஒவ்வொரு படியும் மூலமே.

இக்கருவி பிறந்த கதையும் நமது வினாவுக்கு நெருங்கியதே. லினக்ஸ் என்னும் பொது மென்பொருளை ஆக்குவோர் 2005 வரை பிட்கீப்பர் என்ற தனியார் மென்பொருளைக் கொண்டே தம் பதிப்புகளைப் பேணினர். அதன் உடைமையாளர் அவர்களுக்கு இலவச அனுமதி அளித்திருந்தார். அவ்வாண்டு அனுமதி மீட்டுக்கொள்ளப்பட்டது. அதன் பின்னரே லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் முறையை எழுதத் தொடங்கினார். கொடுத்தவன் மீட்டுக்கொள்ளலாம் என்றால் அது கொடையன்று, இரவல் என்பதை அவர்கள் பட்டறிந்தே கற்றனர்.

இனி மாணவர்களின் வாதத்துக்கு வருவோம். நிறுவனம் இலாபம் பெறுகின்றது. ஆகவே உதவுதல் தவறு என்பது அவ்வாதம். ஆனால் எம் மாணவர் எழுதிய இரண்டு வரி எவரைக் காத்தது? அக்கட்டளையை நாளை இடப்போகும் இன்னொரு மாணவரை, சிறு மருத்துவமனையொன்றில் பதிவேடு பேணும் எழுதுவினைஞரை, தொலைவிலுள்ள ஒரு பாடசாலையின் ஆசிரியரை. அவர்களுள் எவரும் அந்நிறுவனத்தின் பங்குதாரர் அல்லர். உழைப்பாளியின் கைக்கருவி முதலாளியின் உடைமையாயிருக்கும் உலகில், அக்கருவியால் கை அறுபடாதிருக்க வழி சொல்பவன் முதலாளிக்குத் தொண்டு செய்பவன் ஆகான். இலாபம் அங்கும் ஒரு பங்கு ஒழுகும் என்பது உண்மையே. அதற்காக வாயை மூடிக்கொண்டிருப்போமாயின் தண்டனை அடைபவர் நிறுவனத்தார் அல்லர், நம்மைப் போன்றோரே.

ஆதலின் எவன் இலாபம் பெறுகின்றான் என்பதைக் காட்டிலும், நாம் கொடுத்ததை எவன் பூட்டிவைக்க முடியும் என்பதே கேட்கவேண்டிய கேள்வி. ஊர்க்குளத்தைத் தூர்வாரச் செல்பவன் கூலி கேட்பதில்லை. குளம் ஊருக்கு உரியதா, வேலியிட்ட வளவுக்குள் உள்ளதா என்பதை மட்டும் அவன் அறிந்திருக்க வேண்டும்.

அமேசன் நிறுவனத்தின் கதையை எடுத்துக்கொள்வோம். தன் கணினிச் சேவைகளுக்கான விளக்க ஆவணங்களை அது 2018இல் கிட்ஹப் தளத்தில் திறந்துவைத்துத் திருத்தங்களை வரவேற்றது. ஐந்து ஆண்டுகளின் பின், 2023 ஜூனில், அவற்றுட் பெரும்பாலானவற்றை மூடத் தொடங்கியது. நிறுவனம் கூறிய காரணம் கவனிக்கத்தக்கது: ஆவணங்களுட் பெரும்பாலானவற்றின் மூலம் நிறுவனத்தின் உள் அமைப்புகளிலேயே இருந்தது, வெளியில் வைத்த படியையும் அதனையும் கையால் ஒத்திசையச் செய்வது பெருஞ்சுமையாயிற்று. அதாவது, திருத்தியோர் கண்டது மூலத்தை அன்று, மூலத்தின் நிழலை. வாயில் திறந்திருந்தது, ஆனால் அது வீட்டின் வாயில் அன்று. அக்காரணம் பொய்யென்று நாம் கூறவில்லை. மூலம் எங்கே இருக்கின்றது என்று அறியாமல் உழைப்பைக் கொடுத்தோரின் நிலையையே சுட்டுகின்றோம்.

இதனோடு ஒப்பிடத்தக்க கதை ஒன்று உண்டு. இணையப் பக்கங்களை ஆக்குவோர்க்கு வேண்டிய விளக்கங்களை நெட்ஸ்கேப் நிறுவனம் 'டெவ்எட்ஜ்' என்ற பெயரில் வைத்திருந்தது. நெட்ஸ்கேப்பை விலைக்கு வாங்கிய ஏஓஎல் நிறுவனம் 2004இல் அதனை மூடிவிட்டது. பலர் நாள்தோறும் நாடிய அறிவு ஒரே நாளில் மறைந்தது. 2005இல் ஏஓஎல்லின் அனுமதியைப் பெற்ற பின்னரே மொசில்லா அறக்கட்டளையால் அதனை மீட்க முடிந்தது. அவ்வாறு தொடங்கியதே இன்று எம்டிஎன் எனப்படும் பெருந்தொகுப்பு. ஆனால் இம்முறை அதன் எழுத்துகள் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தின் கீழ் வழங்கப்பட்டன: எவரும் படியெடுக்கலாம், மாற்றலாம், வழங்கலாம், எழுதியோரைக் குறிப்பிடவேண்டும், மாற்றியதையும் அதே நிபந்தனையோடு பிறர்க்கு வழங்கவேண்டும். 2020 ஓகஸ்டில் மொசில்லா நிறுவனம் ஏறத்தாழ 250 பேரை வேலைநீக்கம் செய்தபோது, எம்டிஎன் எழுத்தாளர்களும் அதில் அகப்பட்டனர். முன்னைய கதை மீண்டும் நிகழ்ந்திருக்கலாம். நிகழவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் ஆவணம் முழுவதும் கிட் முறைக்கு மாறிக் கிட்ஹப்பில் வைக்கப்பட்டது. 2021 ஜனவரியில், 'ஓப்பன் வெப் டொக்ஸ்' என்ற அமைப்பு, பெரும் நிறுவனங்கள் சிலவற்றின் நிதியோடு, எழுத்தாளர்களுக்கு ஊதியம் வழங்கி அப்பணியைத் தொடரலாயிற்று. 2005இல் ஏஓஎல்லின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. 2020இல் எவர் கதவையும் தட்ட வேண்டியிருக்கவில்லை.

ஆயினும் இக்கதை நம்மை முற்றாக மகிழ்விக்கவில்லை. ஆவணம் பிழைத்தது சரி. வேலை இழந்த எழுத்தாளர்? நகைத்த மாணவர்களின் கூற்றில் நியாயம் உண்டென்று நாம் கூறியது இதனாலேதான். விளக்க ஆவணம் எழுதுதல் ஒரு தொழில். அதனால் வாழ்வோர் உளர். "வெளியார் இலவசமாய்த் திருத்துகின்றனர், நமக்கு இத்தனை எழுத்தாளர் எதற்கு?" என்று கணக்குப் பார்க்கும் நிர்வாகி எங்கும் உண்டு. நமது கொடை இன்னொரு தொழிலாளியின் கூலியைக் குறைக்கும் ஆயுதமாகுமாயின், எவ்வளவு தாராளமான உரிமமும் அக்குற்றத்தைக் கழுவாது. இதற்கு எளிய விடை எம்மிடம் இல்லை. ஒரு வேறுபாட்டை மட்டும் காண்கின்றோம். கருவியைப் பயன்படுத்தியவனே அறியக்கூடிய பிழை, பட்ட அடியிலிருந்து வரும் இரண்டு வரி எச்சரிக்கை, சம்பளம் பெறும் எழுத்தாளரின் வேலையைப் பறிப்பதில்லை. அவர் தம் மேசையிலிருந்து காண முடியாததை அவருக்குக் காட்டுகின்றது. புதிய பொருளுக்கு முழு வழிகாட்டியையே எழுதித் தருமாறு 'சமூகத்தை' அழைப்பதோ வேறு. அது வேலை; வேலைக்குக் கூலி வேண்டும். இரண்டுக்கும் இடையே எல்லை எங்கே விழுகின்றது என்பது ஒவ்வொரு முறையும் வாதிட்டே முடிவு செய்யவேண்டியது.

அத்தகைய வாதம் எங்கே பேணப்படுகின்றது என்பதும் சிந்திக்கத்தக்கது. கிட்ஹப் தளத்தை 2018இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் 750 கோடி டொலர் பெறுமதியான தன் பங்குகளைக் கொடுத்து வாங்கியது. ஆவணமும் அதன் திருத்த வரலாறும் நம் கையிலுள்ள படியில் இருக்கும். ஆனால் "ஏன் இதனை ஏற்க மறுத்தீர்கள்?" என்ற கேள்வியும் அதற்கு வந்த மறுமொழியும் கிட் வரலாற்றில் இல்லை, அவை தளத்துக்குரிய தரவுத்தளத்தில் உள்ளன. தளம் மறைந்தால் முடிவுகள் எஞ்சும்; முடிவுக்கு வந்த வழக்காடல் எஞ்சாது. திருத்தத்தோடு எழுதும் குறிப்பிலேயே காரணத்தை விரிவாக எழுதுமாறு நாம் மாணவர்களிடம் வற்புறுத்துவது இதனாலேயே.

பெயர் பற்றிய குறைக்கு வருவோம். அது அகந்தை என்று சிலர் எண்ணலாம். எழுதியவர் பெயரையும் சேர்த்தவர் பெயரையும் தனித்தனியே குறிக்கும் வசதி கருவியிலேயே இருக்க, அந்நிறுவனத்தார் மாணவரின் வரிகளைத் தம் கையால் மறுபடி எழுதிச் சேர்த்தனர். அலட்சியமாக இருக்கலாம், உள்ளே மூலம், வெளியே நிழல் என்ற அமைப்பின் விளைவாகவும் இருக்கலாம். எவ்வாறாயினும் கூலியைக் கேளாத உழைப்பாளிக்குக் கணக்கில் ஒரு வரியேனும் உரியது. அதனைக் கேட்டு எழுதுமாறு அவருக்குக் கூறினோம். எழுதினார்; மறுமொழி இன்னும் வரவில்லை. இதற்கிடையில் வேறொரு ஆவணத்தில் அவர் இன்னொரு பிழையைக் கண்டிருக்கின்றார். திருத்தம் எழுதி ஆயத்தமாயுள்ளது. அனுப்புமுன் அந்நிறுவனத்தின் உரிம ஏட்டையும், பங்களிப்போர் ஒப்பமிட வேண்டிய உடன்படிக்கையையும், அன்று நகைத்த நண்பர்களோடு அமர்ந்து வரிவரியாக வாசித்துக்கொண்டிருக்கின்றார்.